எதிர்க்காற்றிலும் ஓடும் பாய்க்கப்பல்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோர் பாய்க்கப்பலேறி வாணிபம் செய்ய வந்தனர். காற்று பின்னிருந்து தள்ளினால் கப்பல் ஓடும். இது சிறுபிள்ளைக்கும் தெரியும். காற்று எதிர்த்து வீசினால்?

சகோதரர்களே! பாய் வளைந்து நின்று, வரும் காற்றைத் திசை திருப்புகிறது. அதன் புடைத்த புறத்தில் காற்று விரைந்து செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது, உட்புறத்தில் மிகுகிறது. ஆகவே பாய் புடைத்த பக்கமாக இழுபடுகிறது. இவ்விசை கப்பலைப் பெரிதும் பக்கவாட்டிலும், சிறிதே முன்னோக்கியும் தள்ளும். நீருக்குள் ஆழ்ந்த அடிக்கட்டை பக்கவாட்டு நகர்ச்சியைத் தடுத்துவிடுகிறது, எஞ்சுவது முன்செல்லுதலே. ஈரமான தர்ப்பூசணி விதையை இரு விரல்களால் நெருக்கிப் பாருங்கள், வெளியே துள்ளி ஓடும்!

ஆயினும் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. நல்ல படகாயின் சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமும் மாறி மாறியே முன்னேறவேண்டும். பழைய சரக்குக் கப்பல்கள் இன்னும் அதிகம் விலகவேண்டியிருந்தது.

ஒன்றை மறவாதீர்: காற்றின் வேகம் 2 மடங்கானால் பாயின் மீதான விசை 4 மடங்காகும். அதனால்தான் அனுபவமுள்ள மாலுமி, புயல் வருமுன்னே பாயைச் சுருக்கிவிடுவார். வந்தபின் சுருக்கக் கை போதாது. கடனுக்குச் சரக்கெடுக்கும் நமக்கும் இதுவே பாடம்.