பெக்கோ நின்றால் முதலில் பம்பைக் கழற்றாதீர்கள்



ஒரு மழைக்காலத்தில் எங்கள் மேல் டிவிஷனுக்குப் போகிற ரோட்டில் மண்மேடு சரிந்து விழுந்தது. கொழுந்து லொறியும் வரவில்லை, அம்புலன்ஸும் ஏறவில்லை. மண்ணை அள்ள தோட்டத்தின் பழைய பெக்கோவைக் கொண்டுபோனார்கள். பத்து நிமிஷம் வேலை செய்தது. பிறகு என்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது. அன்று பின்னேரம் பிரசவ வலி கண்ட தாயொருவரை நாற்காலியில் உட்கார வைத்து, சேற்றுக்கு மேலாக நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள். ஆனால் ஒருவருக்குக் கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நாங்கள் நினைப்பதுண்டு.

பெக்கோவைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பெட்டரி சாகும்வரை ஸ்டார்ட்டர் அடித்தார். இன்னொருவர் பில்டரை மாற்றினார். டவுனிலிருந்து வந்த மெக்கானிக், "பம்ப் போயிருச்சு, கழற்றிக் கொண்டுபோகணும்" என்றார். கேட்ட சல்லியோ ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். மூன்றாம் நாள், ஓய்வு பெற்ற லொறி டிரைவர் ஐயா ஒருவர் வந்தார். சார்ஜ் ஏற்றிய பெட்டரியும் இரண்டு ஸ்பெனரும்தான் கேட்டார். ஒரு மணித்தியாலத்தில் என்ஜின் ஓடியது. அவர் மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. வரிசைப்படி பார்த்தார், அவ்வளவுதான். அந்த வரிசையே இந்த இதழின் பாடம்.

டீசல் என்ஜின் எப்படி ஓடுகிறது?

பெற்றோல் என்ஜினில் பொறி கொடுக்க பிளக் இருக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது. காற்றை இறுக அமுக்கினால் சூடேறும் என்பதை வைத்து, ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மன்காரர் 1897-ல் இந்த வகை என்ஜினை ஓட்டிக் காட்டினார். சைக்கிளுக்குக் காற்றடித்து, பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய பெக்கோ பலவற்றில் இருப்பது பேர்கின்ஸ் 4.236 என்ற நாலு சிலிண்டர் என்ஜின். அதில் காற்று 16-ல் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, 500 பாகைக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலப் பீச்ச, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே என்ஜினுக்கு நாலு காரியம் வேண்டும்: வேகமான சுழற்சி, நல்ல காற்று, சுத்தமான டீசல், போதுமான அமுக்கம். ஓடாத என்ஜினில் இந்த நாலில் எது குறைகிறது என்று கேட்பதே நோய் கண்டுபிடிக்கிற வழி.

கை வைக்குமுன் உயிரைப் பாருங்கள்

முதலில் மலையைப் பாருங்கள், பிறகு மெஷினைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29-ம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதை நாம் யாரும் மறக்கவில்லை. மண் இன்னும் அசைகிறதென்றால் பெக்கோ அங்கேயே கிடக்கட்டும்.

இடம் பத்திரம் என்றால் பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள். தூக்கி நிற்கும் பக்கெட்டுக்குக் கீழே ஒருவரும் போகக் கூடாது. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பீடி, சிகரட் தூரத்தில்.

இன்ஜெக்டர் பைப்பில் கசிவு தேட விரலை வைக்க வேண்டாம். ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அங்கே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் முள் குத்தினது போலத்தான் தெரியும். வலியும் பெரிதாக இராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலே போகலாம். அப்படிக் குத்தினால் மஞ்சள் பூசிவிட்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "டீசல் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வரிசையாகப் பார்ப்போம்

1. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் காற்று சூடாகாது. பெட்டரித் தலையில் வெள்ளைப் பூஞ்சு, தளர்ந்த வயர், துருப்பிடித்த எர்த் வயர், இவற்றைச் சுத்தம் செய்யுங்கள். நல்ல பெட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஒரு தடவைக்கு 15 செக்கனுக்கு மேல் அடிக்க வேண்டாம். இடையில் ஆற விடுங்கள்.

2. ஸ்டொப் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பாதியில் சிக்கினால் பம்ப் டீசல் விடாது. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றினவர்கள் உண்டு.

3. சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. சுழற்சியையும் அமுக்கத்தையும் பாருங்கள். ஓடி, கறுப்புப் புகை கக்கினால் எயார் பில்டரைப் பாருங்கள்.

4. டீசல் எங்கே நிற்கிறது? டாங்கியில் இருந்து தொடங்குங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் என்ஜின் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். பில்டரின் அடியில் உள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் இறக்கி வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

5. இவ்வளவும் சரி, இன்னும் ஓடவில்லை என்றால்தான் அமுக்கம், இன்ஜெக்டர், பம்ப். அதற்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் வேண்டும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் வேண்டாம். இந்த வகை என்ஜின்களில் காற்றுப் போகிற வழியில் சூடாக்கி இருக்கும். அதில் ஈதர் பட்டால் அங்கேயே வெடித்துத் தீப்பிடிக்கும்.

காத்து எடுக்கிற விதம்

டீசல் பைப்பில் காத்து புகுந்தால் பம்ப் அந்தக் காத்தையே அமுக்கிக்கொண்டிருக்கும், இன்ஜெக்டர் திறக்காது. சுற்றும் வகை பம்ப் உள்ள என்ஜினில் பில்டரின் மேல் போல்ட், பம்பின் பக்கத்து ஸ்க்ரூ, பம்பின் மேல்மூடி ஸ்க்ரூ மூன்றையும் சிறிது தளர்த்துங்கள். பீட் பம்பின் சிறு லீவரைக் கையால் அடியுங்கள். லீவர் பிடிக்காமல் லேசாக ஆடினால் என்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் பில்டர், பக்கத்து ஸ்க்ரூ, மேல் ஸ்க்ரூ என்ற வரிசையில் இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்டர் பக்கம் இரண்டு பைப் நட்டுகளைத் தளர்த்தி, முகத்தையும் கையையும் விலக்கிக்கொண்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். டீசல் வந்ததும் நிறுத்தி நட்டை இறுக்கி, ஸ்டார்ட் செய்யுங்கள்.

எங்கள் பெக்கோவுக்கு வந்த நோய்

டிரைவர் ஐயா சைலன்சரைப் பார்த்தார், புகை இல்லை. பில்டரின் அடியிலிருந்து போத்தலில் இறக்கினார். கால் போத்தல் தண்ணீர். "தம்பி, இது பம்பு நோய் இல்லே, பீப்பா நோய்" என்றார். 2022-ல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வாங்கி வைத்த பீப்பாய் அது. அதன் பிறகும் மழையில் நிமிர்த்தியே வைத்திருந்தோம். தலையில் தேங்கிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. பாதி குற்றம் எங்களுடையது.

இன்னொரு கோளாறும் இருந்தது. பில்டரை அவசரத்தில் மாற்றியவர் பழைய ரப்பர் வளையத்தையே போட்டிருந்தார். அது வெடித்து காத்தை இழுத்தது. ஆக மழை ஒரு கோளாறைத் தந்தது, நம் அவசரம் இன்னொன்றைச் சேர்த்தது. டாங்கியைக் கழுவி, புது வளையம் போட்டு, காத்தை எடுத்தோம். பம்பில் ஒரு குறையும் இல்லை.

இனி செய்ய வேண்டியது

பீப்பாயைக் கூரைக்குக் கீழ் படுக்க வையுங்கள். அடி டீசலை ஊற்றாதீர்கள், வடிகட்டி ஊற்றுங்கள். வேலை முடிந்த பின்னேரமே டாங்கியை நிரப்பினால் இரவுக் குளிரில் உள்ளே வியர்க்காது. கிழமைக்கு ஒரு தடவை பில்டர் தண்ணீரை இறக்குங்கள். என்ஜின் ஒயிலின் மட்டம் தானாகக் கூடி டீசல் வாசம் அடித்தால் பீட் பம்பின் உள்தகடு கிழிந்திருக்கலாம், ஓட்டாதீர்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் பெக்கோவை ஓட்டிப் பாருங்கள். ரோட்டு அடைபட்ட பிறகு பார்ப்பது காலம் கடந்த வேலை.

பிள்ளைகளோடு இருந்து பதில் சொல்லிப் பாருங்கள்

1. டீசல் என்ஜினுக்குத் தேவையான நாலு காரியங்கள் எவை?
2. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, புகை இல்லை. அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?
3. டீசல் கையில் குத்தினால் என்ன செய்வீர்கள்?
4. உங்கள் டிவிஷனில் டீசல் பீப்பாய் இப்போது எப்படி இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.