எழுத்தாலாகிய முன்னேற்றக் கோடு

1880இல் திறக்கப்பெற்ற கண்டி–மாத்தளை இருப்புப்பாதையிற் பயணஞ்செய்தோர், கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை என நிலையங்கள் கழியக் கழிய, எஞ்சிய வழியை எவரையும் வினவாமலே அறிந்திருப்பர். கணினி முன் காத்திருப்போனுக்கு அவ்வசதியை நிரல் எழுதுவோனே அமைத்தல் வேண்டும்.

பழைய கல்லூரி மலர்களின் 160 பக்கப் படங்களை ஒரு நிரல் எழுத்துருவாக்குகின்றதெனக் கொள்வோம். திரை வாளாவிருப்பின், வேலை நின்றுவிட்டதோவென ஐயுற்று இடையில் நிறுத்துவோர் பலர். அதுகாறும் நடந்ததும் வீணாகும். இத்தகைய குறிகாட்டியைப் பயனாளர் விரும்புகின்றனரென்பதை 1985இல் பிராட் மையர்ஸ் ஆய்ந்து காட்டினார்.

கோட்டுக்கு 20 இடம் ஒதுக்குக. 56 பக்கம் முடிந்ததாயின், 20ஐ 56ஆற் பெருக்கி 160ஆல் வகுக்க வருவது 7. எனவே 7 இடம் நிரம்பும், 13 வெறுமையாம்:

[#######-------------] 35%

மொத்தம் சுழியமாயின் வகுத்தல் இயலாது. அதனை முன்னரே சோதித்துக்கொள்க.

ஒவ்வொரு முறையும் புதுவரி எழுதின் திரை கோடுகளால் நிறைந்துவிடும். தட்டச்சுப்பொறியில், தாளை மேலேற்றாது வண்டியை மட்டும் தொடக்கத்துக்குத் தள்ளினால் முன்னெழுத்தின் மீதே அடிபடுமன்றோ? அச்செய்கை கணினியில் ஒரு குறியாய் இன்றும் வாழ்கின்றது. பைதன் மொழியில், பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிறிய 'ஆர்' எழுத்தை இடுவதே அக்குறி. தாளிற்போலன்றித் திரையிற் பழையது மறைந்து புதியது நிற்கும். வரியிறுதியில் இயல்பாய் வரும் புதுவரிக் குறியை நீக்குவதோடு, எழுதியதை உடனே திரைக்கு அனுப்புமாறும் பணித்தல் வேண்டும். இன்றேல் கணினி அதனைத் தேக்கிவைத்துக்கொள்ளும்.

தமிழில் எழுதும் நமக்கென்றே ஓர் இடருண்டு. புதிய வரி குறுகியதாயின் பழையதன் வால் எஞ்சிநிற்கும். நீளத்தை எண்ணி வெற்றிடமிட்டு அதனை மறைப்பர். 'மாத்தளை' என்பதில் நாம் எண்ணுவன 4 எழுத்து. பைதன் எண்ணுவதோ 7. காலும், புள்ளியும், ஐகாரக் குறியும் அதற்குத் தனித்தனி. திரையிற் கொள்ளும் அகலம் இவ்விரண்டுக்கும் ஒவ்வாதிருத்தல் கூடும். ஆதலின் தமிழ்ச்சொல்லை மேல்வரியில் ஒருமுறை எழுதிவிட்டு, கோட்டின் வரியில் குறிகளையும் எண்களையுமே வைத்தல் நன்று.

எதனை எண்ணுவது? மலர்களை எண்ணின், 20 பக்க மலரும் 70 பக்க மலரும் ஒன்றெனவே கொள்ளப்பட்டுக் கோடு தாவித்தாவிச் செல்லும், பக்கங்களை எண்ணுக. சிலர் வேலையை எண்ணாது நொடிகளை எண்ணிக் கோட்டை நகர்த்துவர். அது வெறும் ஏமாற்று. 99 விழுக்காட்டில் வந்து நெடுநேரம் நிற்கும்.

160ஆம் பக்கம் முடிந்தபின் ஒரு வெறுவரி எழுதுக. அடுத்து வருஞ்செய்தி கோட்டின்மேல் ஏறாதிருக்கும்.