பி.பி. நார்மல்தான், ஆனால்...

கேள்வி: நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பி.பி. நார்மலாக இருந்தும், நோயாளி சரியில்லை என்று மனசுக்குப் படுகிறது. சொன்னால் டாக்டர் திட்டுவாரோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் பி.பி. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலும் அது இறங்குவதற்கு முன்பே நாடி வேகமெடுக்கும், மூச்சு நிமிடத்துக்கு 20-ஐத் தாண்டும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும். மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். (எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதுகிறவர்கள் எல்லா வார்டிலும் உண்டு!) ‘என்னமோ மாதிரி இருக்கார் சார்’ என்றால் எடுபடாது. ‘2 மணிக்கு நாடி 84, இப்போது 118. ஒரு மணி நேரத்தில் யூரின் 15 மில்லிதான்’ என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து வருவார். மாணவி என்பதால் முதலில் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள்; அவர் கண்டுகொள்ளாவிட்டால் டியூட்டி டாக்டரிடமே போங்கள்.