ஏழு அடி இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்று பெரிய கூடைப்பந்துப் போட்டி இருக்கிறது. வருஷா வருஷம் அதன் அணிகள் கல்லூரி வீரர்களையும் வெளிநாட்டு வீரர்களையும் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இதற்குப் பெயர் டிராஃப்ட். போன வருஷம் நிறைய தோற்ற அணிக்குத்தான் முதலில் எடுக்க வாய்ப்பு அதிகம். (தெருவில் நாம் டாஸ் போட்டு ஆள் பிரிப்பது மாதிரி இல்லை!) அதற்கு முன்னாடியே ஷூ இல்லாமல் உயரம், கையை விரித்தால் வரும் நீளம், எம்பிக் குதிக்கும் உயரம் எல்லாம் அளப்பார்கள்.

பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். நம் வகுப்பு வாசலில் குனிந்துதான் வரணும். 2010-ல் 14 வயதில், அதாவது என் வயதில், உதவித்தொகையில் அமெரிக்கா போனார். 2015-ல் டல்லாஸ் அணி அவரை 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள் அவர்தான். ஆனால் ஒரு என்.பி.ஏ. மேட்ச்கூட ஆடவில்லை.

2014-ல் செர்பியாவின் நிகோலா யோகிச் 41-வது ஆள். அவர் பெயர் வந்தபோது டி.வி.யில் விளம்பரம் ஓடியதாம்! அவரும் உயரம்தான், ஆனால் குதிப்பது சுமார். யார் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே பாஸ் கொடுப்பார். 2021, 2022, 2024-ல் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அந்தக் கண்ணை எந்த டேப்பால் அளப்பது?

நான் 4 அடி 9 அங்குலம். ஒரு செலக்‌ஷனில் சுவரில் கோடு போட்டுப் பார்த்து, பந்தைத் தொடும் முன்பே என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவை பத்து நிமிஷம் ஆட விட்டுப் பாருங்கள் சார். கோடு அப்புறம் போடலாம்.