வீண்துண்டிப்பு

தொழிற்சாலையிலே இயந்திரம் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கிறது. யாதொரு தீங்கும் தோன்றாதிருக்க, மின்பலகையிலுள்ள மீதியோட்டக் காவற்கருவி திடீரெனச் சுற்றைத் துண்டித்துவிடுகிறது. மீண்டும் ஏற்றினாற் சிறிது நேரம் நிற்கிறது, பின்னும் விழுகிறது. தொழிலாளர் 'றிப் சுவிச்' என வழங்கும் இக்கருவியின் இச்செயலை வீண்துண்டிப்பு என்பர். வீண் என்னும் அடைமொழி எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கருவியின் தத்துவம், பௌதிக ஆய்வுகூடத்தில் மின்காந்தம் பயின்றார்க்குப் புதிதன்று. இயந்திரத்துக்கு மின்னைக் கொண்டு செல்லும் கம்பிகள் யாவும், நொதுமற் கம்பி உட்பட, ஓர் இரும்பு வளையத்தினூடே செல்கின்றன. சென்ற ஓட்டம் முழுதும் அவற்றின் வழியே மீளுமாயின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு பகுதி புவிக்கு ஒழுகின் மீதி தோன்றும். அம்மீதியே கருவியை இயக்கும். மனிதரைக் காத்தற்கு 30 மில்லியம்பியரும், தீயைத் தடுத்தற்குப் பெரும்பாலும் 300 மில்லியம்பியரும் அளவாகக் கொள்வர். ஆயின் முதலாவது வகை சரியாக முப்பதிலேதான் துண்டிக்கும் என எண்ணுதல் தவறு. நியமத்தின்படி 15 இற்கு மேல் 30 இற்குள் எவ்விடத்தும் அது துண்டிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொதிசெய்யும் தொழிலகம் ஒன்றில் யாம் கண்டதைக் கூறுவாம். பொலிதீன் பைகளைச் சூட்டினால் ஒட்டும் இயந்திரம் ஒன்று திங்கட்கிழமைக் காலைகளில் மட்டும் துண்டித்தது. நண்பகலுக்குப் பின் குற்றமில்லை. காவற்கருவியை இருமுறை மாற்றியும் பயனின்றி, ஈற்றில் ஒருவர் அதனைத் தாண்டி நேரே கம்பி கொடுத்துவிட்டார். யாம் முதலில் அக்கம்பியைக் கழற்றினோம். பின்னர், மில்லியம்பியர் அளக்கும் கிளாம்ப் மீற்றரைப் புவிக்கம்பி நீங்கலாக மற்றெல்லாக் கம்பிகளையும் ஒருங்கே சுற்றிப் பிடித்தோம். (ஒரு கம்பியை மட்டும் பிடித்தாற் காண்பது சுமையேயன்றிக் கசிவன்று, இப்பிழை கைதேர்ந்தாரிடத்தும் உண்டு.) காலை 8 மணிக்குக் கசிவு 21 மில்லியம்பியர்; 10 மணிக்கு 7. சூடாக்கும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது குற்றம் இரண்டிலேயே என்பது தெளிந்தது. இக்குழாய்களினுள் கம்பிச்சுருளைச் சூழ மகனீசியம் ஒட்சைட்டுத் தூள் அடைக்கப்பட்டிருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. முனையடைப்பு வெடித்திருப்பின் இருநாள் ஓய்வில் ஈரம் புகும், சூடேற உலரும்.

அச்சோதனையின்போதே, இயந்திர உடலிற் புவிக்கம்பியைப் பிணைத்த ஆணி துருவேறித் தளர்ந்திருக்கக் கண்டு திடுக்கிட்டோம். காவற்கருவி தாண்டப்பட்டிருந்த நாள்களில் அது முற்றும் கழன்றிருப்பின், அக்கசிவு இயந்திரத்தைத் தொட்டவர் உடலினூடாகப் புவியை அடைந்திருக்கும். ஏறக்குறைய 10 மில்லியம்பியருக்கு மேற்படின் பற்றிய கையை விடுவித்தல் பலர்க்கு அரிது.

உலர்ந்த பின்னும் எஞ்சிய 7 மில்லியம்பியர் எங்கிருந்து வந்தது? அவ்வியந்திரத்தில் மோட்டர்களின் வேகத்தை மாற்றும் 'இன்வேட்டர்'கள் மூன்று இருந்தன. அவற்றின் வடிகட்டிகளிலுள்ள கொள்ளளவிகள் புவியோடு இணைந்தவை. ஆதலின் பழுதின்றியும் எப்போதும் சிறிது கசியும். மோட்டருக்குச் செல்லும் கம்பி நீள நீளக் கசிவும் மிகும். ஆளியை இடும்போது மூன்று அவத்தைகளும் ஒரே கணத்தில் இணையாமையால் கணநேர ஏற்றமும் உண்டு. நிலையான கசிவு கருவியின் அளவில் 30 வீதத்தைத் தாண்டலாகாது என 2018 ஆம் ஆண்டுப் பிரித்தானிய வயரிங் விதிகள் கூறும். 30 மில்லியம்பியர்க் கருவிக்கு அது 9 ஆகும்.

வேறோர் இயந்திரம் தொடங்குகையில் இங்கே துண்டிப்பு நிகழுமாயின், நொதுமற் கம்பி எங்கேனும் புவியைத் தொடுகின்றதா எனத் தேடுக. 500 வோல்ற்று 'மெகர்' கொண்டு அதனை அறியலாம். இன்வேட்டர்களை முன்னரே கழற்றிவிடல் வேண்டும். துண்டியாத கருவியும் ஐயத்துக்குரியதே. மூன்றவத்தை இன்வேட்டரிற் பழுது நேரின் சீரான நேரோட்டம் கசியலாம்; அது சாதாரணக் கருவியின் வளையத்தை நிரம்பச்செய்து குருடாக்கும். ஆண்டு 'பி' வகையே வேண்டும்.

முடிவிற் பழுதுற்ற குழாய்களை மாற்றி, சூடாக்கிகளை 30 மில்லியம்பியர்க் கருவியிலும், மோட்டர்களை 300 மில்லியம்பியர் 'பி' வகைக் கருவியிலும் வெவ்வேறாக இணைத்து, புவிக்கம்பிக்குப் புதிய ஆணியும் இட்டோம். கழற்றிய நேர்க்கம்பியைத் தொழிலகத்தார் மின்பலகைக் கதவின் உட்புறத்தே கட்டி வைத்துள்ளனர்.