மெத்தென்ற சீட்டு வேண்டாம்

செம்மேடு, கொல்லிமலை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளில் போகப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். லாரி ஓடுகிற சாலை. போகாதே என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கிற வம்சமா நம்முடையது? எந்தச் சைக்கிள் என்பதும் உன் விருப்பம்தான். ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருப்பது மலைச் சைக்கிள். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் மண்பாதையில் மலையிறங்கி விளையாடியவர்களிடமிருந்து வந்த வகை அது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, பின்சக்கரத்துக்குள் இருக்கிற கிரீஸே புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் விழுந்தது. காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற நமக்கு அது புரியும். வில்லிவாக்கத்தில் ஏது இறக்கம்? கட்டை கட்டையாகப் பல் வைத்த அந்தத் தடித்த டயர் தார்ச்சாலையில் உன் கால் பலத்தைத்தான் தின்னும். அதைவிட, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. சைக்கிளோடு கூடப்பிறந்தவற்றைக் கழற்றிவிட்டு, பிறகு தனித்தனியாக விலை சொல்வதற்கு நாகரிகம் என்று பெயர்! இதில் என் கோபம் உனக்குப் புதிதல்ல. ஐப்பசி மழையில் முதுகெல்லாம் சேறு, செயினில் துப்பட்டா. இந்த இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

என்னைக் கேட்டால் இவையெல்லாம் கூடவே வருகிற பழைய கறுப்புச் சைக்கிள்தான் உனக்குச் சரி. அது 20 கிலோவுக்குக் கிட்ட வருமே, கியரும் இல்லையே என்பாய். ஏற்றத்தில் எடை சுமைதான். சமதரையில் ஓடத் தொடங்கியபின் அது அவ்வளவாகத் தெரியாது. ரயில்வே மேம்பாலம் ஒன்றிரண்டு வந்தால் இறங்கித் தள்ளு, மானம் போகாது. மாடிப்படியில் தூக்கிப்போக வேண்டியிருந்தால் மட்டும் உன் பேச்சில் நியாயம் உண்டு. பார்க்க நன்றாக இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இனி சீட்டு. இதைப் பெரியம்மா எழுதியிருக்கலாம், ஆனால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் கூச்சம் பார்க்காமல் நானே எழுதுகிறேன். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் சுகம் என்று வாங்கிவிடுகிறோம். உடம்பைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். ஸ்பாஞ்ச் தடித்திருந்தால் எலும்பு அதற்குள் புதைந்துபோகும், நடுவில் பிதுங்குகிற ஸ்பாஞ்ச் மெல்லிய சதையையும் நரம்பையும் அழுத்தும். ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. அரைமணி நேரத்தில் மரத்துப்போகும். ஒரு அட்டைப்பெட்டித் துண்டின்மேல் உட்கார்ந்து எழுந்து பார். விழுந்த இரண்டு குழிகளின் இடைவெளியைவிடச் சீட்டு அகலமாக இருக்க வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி சற்று அதிகம். குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒடுங்கிய சீட்டு பொருந்தும், ஏனென்றால் எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் எடையில் பெரும்பகுதி சீட்டுக்குத்தான். அதனால் அகலமும், அடியில் ஸ்பிரிங்கும், மேலே கெட்டியான தோலும் வேண்டும். இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனியின் பி17 தோல் சீட்டு 1890-களிலிருந்து இன்றுவரை விற்கிறதே, சும்மாவா? விலை அதிகம், அதை வாங்கச் சொல்லவில்லை. தோல் சீட்டு முதலில் உறுத்தும், மழையில் நனையக்கூடாது என்பதும் உண்மைதான். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் தீர்ந்தது. உயரமும் முக்கியம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி ஓட்டி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பிறகு சைக்கிளைத் திட்டக்கூடாது.

நிறையப் பேசிவிட்டேன். சம்பாதிக்கிற பெண்ணுக்கு எதை வாங்குவது என்று தெரியாதா? அந்தப் படத்தில் இருப்பதுதான் பிடித்திருந்தால் அதையே வாங்கம்மா, நிறம்கூட நன்றாகத்தான் இருக்கிறது. மிளகு போட்ட பணம் வந்ததும் மட்கார்டுக்கும் பின்விளக்குக்கும் நான் அனுப்புகிறேன். தைக்கு வரும்போது பலாக்கொட்டை எடுத்து வைத்திருப்பேன். போய்ச் சேர்ந்ததும் தினம் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடு.

அன்புடன்,
பெரியப்பா