வீட்டு நாய்க்கு நோய்... பிள்ளைக்கு மனவேதனை!

ஐப்பசி அடைமழை நேரம். தாம்பரத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரு தாய், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்து வந்திருந்தார். "மூணு நாளா இவ சரியா சாப்பிடறதில்ல டாக்டர். வயிறு வலிக்குதுங்கறா. ஏதாவது லேகியம் கொடுங்க" என்றார்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றை அழுத்திப் பார்த்தேன். கோளாறு எதுவும் தென்படவில்லை. "வீட்ல வேற யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம்... அந்தப் பெண் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். சேலையூர் ஏரிக்கரையில் கண்டெடுத்து வளர்த்த நாய்க்குட்டி 'மணி', வாந்தியும் ரத்தப் பேதியுமாகப் படுத்துக் கிடக்கிறதாம். "இதுக்குப் போயா சாப்பிடாம இருக்கே?" என்று அம்மா அதட்ட, அவள் இன்னும் தேம்பினாள்.

'வெறும் நாய்தானே' என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிற அந்த ஜீவன், பிள்ளைக்குக் கூடப் பிறந்த தம்பி மாதிரி. அது படுத்துவிட்டால் பிள்ளைக்குப் பசி எடுக்காது, தூக்கம் வராது, வயிறு வலிக்கும். அது பொய் வலி அல்ல. மனதின் பாரம் உடம்பில் இறங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு லேகியம் கொடுத்துப் பயனில்லை. நோய்ப்பட்ட பிராணியைக் கவனிப்பதில் பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுங்கள். அதனிடம் உண்மையைப் பேசுங்கள். இதுதான் மருந்து.

கைமருந்து வேண்டாம்!

"நிலவேம்புக் கஷாயம் ஊத்தலாமா டாக்டர்?" என்று அந்தத் தாய் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு சித்த மருத்துவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நம் முன்னோர்கள் மாட்டுக்கென்று 'மாட்டு வாகடம்' என்று தனியே நூல் எழுதி வைத்தார்கள். ஏன்? மனிதனுக்குச் சொன்ன மருந்தையும் அளவையும் அப்படியே மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். உடல் வேறு, வைத்தியமும் வேறு.

வெங்காயமும் பூண்டும் நமக்கு நல்லவை. நாய்க்கும் பூனைக்கும் அவை ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைக் குடித்துவிடலாம். உண்ணி போக வேண்டுமென்று கற்பூரத்தைக் குழைத்துப் பூசுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் விஷத்தைத் தடவுவதற்குச் சமம். ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு. தலையை அண்ணாந்து பிடித்துக் கஞ்சி ஊற்றினால், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

குட்டி நாய்க்கு வாந்தியும் நாற்றத்தோடு ரத்தப் பேதியும் கண்டால் அது 'பார்வோ' வைரஸ் நோயாக இருக்கலாம். 1978-ல் உலகுக்குத் தெரியவந்த நோய் இது. ஒரே நாளில் உடம்பின் நீரெல்லாம் வற்றிப் போகும். ரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றினால்தான் பிழைக்க வாய்ப்பு. எனவே காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடமோ, 1903-ல் தொடங்கிய வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ உடனே தூக்கிச் செல்லுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்

'சின்னப் பிள்ளைகளால் என்ன ஆகும்?' என்று நினைக்க வேண்டாம். 1959-ல் நம் சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார் விமானி கேப்டன் வி. சுந்தரம். அவரும், விமானம் ஓட்டத் தெரிந்த அவர் மனைவி உஷா சுந்தரமும், அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் சேர்ந்து வீட்டில் ஆரம்பித்த சேவைதான் 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'வாக வளர்ந்தது. 1964-ல் அது முறைப்படி பதிவு செய்யப்பட்டது. இன்று கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அதன் காப்பகம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பிள்ளைகளும் கை கொடுத்த காரியம் அது!

ஆறேழு வயதுப் பிள்ளையா? தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்து பேசட்டும்.

பத்து வயதுக்கு மேலா? ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தது, எத்தனை தடவை வாந்தி, சிறுநீர் போனதா, மருந்து எப்போது கொடுத்தோம் என்று எழுதட்டும். நாய் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணட்டும். 10 முதல் 30 வரை இயல்பு. தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நாயின் இயல்பான சூடே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டு 'காய்ச்சல்' என்று பதற வேண்டாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். இந்த நோட்டு கால்நடை மருத்துவருக்கு உதவும். 'நானும் ஏதோ செய்கிறேன்' என்ற தைரியம் பிள்ளைக்கு வரும்.

வாந்தி, பேதி, சிறுநீரைச் சுத்தம் செய்வது பெரியவர் வேலை. கையுறை அவசியம். நாயின் பார்வோ மனிதரைத் தாக்காது. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி, நோயுள்ள நாயின் சிறுநீர் மூலமும் பரவும். பிராணியைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

தொடவே கூடாத நேரம்

சாதுவான நாய் திடீரென்று சீறுகிறதா? எச்சில் வடிகிறதா? தாடை தொங்கி, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கிறதா? வெறிநோயாக இருக்கலாம். 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்' என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்றச் சித்த மருந்தை நம்பாதீர்கள் என்று சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

உண்மையைச் சொல்லுங்கள்

மணி பிழைக்கவில்லை. மறுநாள் இரவே போய்விட்டது. அந்தத் தாய் போன் செய்தார். "திண்டிவனத்துல தாத்தா வீட்டுக்கு அனுப்பிட்டோம்னு சொல்லிடட்டுமா டாக்டர்?"

சொல்லாதீர்கள் என்றேன். தாத்தா வீட்டுக்குப் போகிறபோது பிள்ளை தேடாதா? 'தூங்கப் போயிடுச்சு' என்றும் சொல்லக் கூடாது. சிறு பிள்ளைகள் படுக்கவே பயப்படும். 'செத்துப் போச்சும்மா, இனிமே அதுக்கு வலி இல்லை' என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். அழ விடுங்கள். புதைக்கும்போது பிள்ளை விரும்பினால் ஒரு பூ போடட்டும்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். சாப்பாடு பரவாயில்லை. "நான் மழையில விளையாட விட்டதாலதான் செத்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள். பல பிள்ளைகள் உள்ளுக்குள் சுமக்கும் கேள்வி இதுதான்! நான் பதில் சொல்வதற்கு முன்பே, கூட வந்திருந்த அவள் அப்பா சொன்னார்: "இல்லடா கண்ணு. ஊசி போட்டிருக்கணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு அப்பாதான் விட்டுட்டேன்."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவர் முகத்தில் பார்த்தேன். ஆனால் அந்தக் குழந்தையின் தோளிலிருந்து பெரிய சுமை இறங்கியது.

உடனே வேறு குட்டி வாங்கி வந்து துக்கத்தை மூடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் சரியாகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அடுத்து வரும் குட்டி தடுப்பூசிகளை முடித்த பிறகே அந்த வீட்டுக்குள் வரட்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில்.

அந்த அட்டவணையை உங்கள் பிள்ளை கையாலேயே எழுதி, வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மறக்காமல் ஞாபகப்படுத்த அதைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்காது!